கால இடைவெளிச் சொற்களில் எண்ணின் இடம்: இதழியல் வரலாறும் கொச்சி வட்டாரச் சான்றுகளும்

முன்னுரை

ஒரு செயல் எவ்வளவு காலத்திற்கு எத்தனை முறை நிகழ்கிறது என்பதை உணர்த்தும் சொற்களை இக்கட்டுரை 'கால இடைவெளிச் சொற்கள்' எனக் குறிக்கிறது. நாளிதழ், வார இதழ், மாத இதழ், ஆண்டு மலர் ஆகியவற்றில் ஐயத்திற்கு இடமில்லை. கால அலகோடு 'இரண்டு' என்னும் எண் சேரும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் 'பைவீக்லி' என்னும் சொல் வாரத்தில் இருமுறை என்றும் இரு வாரங்களுக்கு ஒருமுறை என்றும் பொருள்படும். அகரமுதலிகள் இவ்விரு பொருளையும் அருகருகே பதிவு செய்கின்றன. முதற்பொருள் கொண்டால் ஓர் இதழ் ஆண்டிற்கு 104 முறை வெளிவரும். இரண்டாம் பொருள் கொண்டால் 26 முறை மட்டுமே வெளிவரும். 'பைமன்த்லி' என்னும் சொல்லும் இவ்வாறே 24 எனவும் 6 எனவும் கணக்கிடப்படும்.

இது ஆங்கில மாணவர்களுக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு என்று ஒதுக்கிவிட இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தமிழ் இதழ்கள் குறித்த அரசுப் பதிவேடுகளும் நூலகப் பட்டியல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. ஓர் இதழ் எத்தனை வெளிவந்தது, எத்தனை கிடைக்கிறது, எத்தனை அழிந்தது என்னும் கணக்கு, இச்சொற்களை நாம் எவ்வாறு பொருள்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. இச்சொற்களைத் தமிழாக்கும் முயற்சியில் ஆங்கிலத்தின் குழப்பம் தமிழுக்குள்ளும் புகுந்துவருவதைக் காணலாம்.

இக்குழப்பத்தின் தோற்றத்தையும், தமிழ் மரபுத் தொடர்கள் அதனைத் தவிர்த்த முறையையும், அண்மைக்காலத் தமிழில் அது மீண்டும் தோன்றியதற்கான காரணத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இதழியல் வரலாற்றுச் சான்றுகளை அடுத்து, கொச்சி வட்டாரத்திலிருந்து இரு சான்றுகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, மட்டாஞ்சேரியிலும் கோட்டைக் கொச்சியிலும் நடைபெறும் 'பினாலே' என்னும் கலைவிழா. மற்றொன்று, அதன் தெற்கே காயல் சூழ அமைந்த கும்பளங்கியின் நீரேற்ற வாழ்வு. முன்னது கடன்சொல்லாக வந்த கால அளவு. பின்னது இயற்கை வகுத்த கால அளவு.

முன்னொட்டின் வரலாறு

இலத்தீன் மொழியில் 'பிஸ்' என்பது 'இருமுறை' என்னும் பொருள்தரும் வினையடை. 'பை' என்பது பெயரோடு சேரும் முன்னொட்டு. இரண்டும் அடியால் உறவுடையவை. எனினும் அவற்றின் பணி வேறு. மருத்துவர்கள் மருந்துச்சீட்டில் இன்றும் எழுதும் 'பி.டி.' என்னும் குறுக்கம் 'பிஸ் இன் டியே' என்பதாகும். நாளில் இருமுறை என்பது அதன் பொருள். இங்கு எண், 'முறை'யை எண்ணுகிறது. 'பையென்னிஸ்' என்னும் இலத்தீன் சொல்லோ ஈராண்டு நீடிப்பது, ஈராண்டு அகவையுடையது என்னும் பொருளது. இங்கு எண், காலத்தை எண்ணுகிறது. ஆகவே இலத்தீனில் இவ்விரு கணக்குகளும் இருவேறு சொல்வடிவங்களால் பிரித்துணர்த்தப்பட்டன எனலாம்.

ஆங்கிலம் 'பையெனியல்' என்னும் சொல்லைக் கடன்பெற்றபோது காலத்தை எண்ணும் பொருளிலேயே பெற்றது. தாவரவியலில் அச்சொல் இன்றும் அப்பழம்பொருளைக் காக்கிறது. காரட், முட்டைக்கோசு முதலியவை முதலாண்டில் வளர்ந்து இரண்டாம் ஆண்டில் பூத்துக் காய்த்து முடிவனவாதலின் 'ஈராண்டுத் தாவரம்' எனப்படுகின்றன. அவை ஈராண்டிற்கு ஒருமுறை நிகழ்வன அல்ல, ஈராண்டு வாழ்வன. பின்னர், 'வீக்லி', 'மன்த்லி' என்னும் ஆங்கிலச் சொற்களின் முன்னும் இம்முன்னொட்டு சேர்க்கப்பட்டது. அவை 'வாரம் ஒருமுறை', 'மாதம் ஒருமுறை' என நிகழ்வின் முறையை ஏற்கெனவே தம்முள் கொண்டவை. அவற்றின் முன் நின்ற இரண்டு என்னும் எண், காலத்தை இரட்டிக்கிறதா, முறையை இரட்டிக்கிறதா என்று அறிய வடிவில் யாதொரு குறிப்பும் இல்லாமற் போயிற்று.

இக்குறையைப் போக்க 'செமி' என்னும் முன்னொட்டு பயன்படுத்தப்பட்டது. அது 'அரை' எனப் பொருள்படும். அரை வாரத்திற்கு ஒருமுறை என்றால் வாரத்தில் இருமுறை என்பது பெறப்படும். பின்ன எண் காலத்தையே பகுக்கும். 'அரைமுறை' என ஒரு நிகழ்வை எண்ண இயலாதாகையால் ஐயத்திற்கு இடமில்லை. ஆயினும் இம்முன்னொட்டு எல்லா நாடுகளிலும் ஒருபடித்தாக நிலைபெறவில்லை. 'செமஸ்டர்' என்னும் சொல்லை இதனோடு சேர்த்து 'அரை' என்று பிரித்துப் பொருள்கொள்வாரும் உளர். அது ஆறு என்னும் எண்ணும் மாதம் என்னும் சொல்லும் சேர்ந்த இலத்தீன் வடிவத்திலிருந்து வந்தது. ஆறு மாதம் அரையாண்டாக அமைவதால் பொருள் தற்செயலாகப் பொருந்திவருகிறது.

ஆங்கிலேயர் வழக்கில் மட்டும் ஓர் ஐயமற்ற சொல் உண்டு. 'ஃபோர்ட்நைட்' என்பது 'பதினான்கு இரவு' என்னும் பழைய தொடரின் மரூஉ. தமிழ் வழக்கு இதே இடைவெளியைப் 'பதினைந்து நாள்' என்கிறது. தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்து எண்ணும் மரபு இதற்குக் காரணம். ஒரு வாரத்தை 'எட்டு நாள்' என்பதும் அம்மரபே. ஆங்கிலேயர் இரவை எண்ணினர்; தமிழர் இரு முனைகளையும் உட்படுத்திப் பகலை எண்ணினர். இடைவெளி ஒன்றே.

இரண்டு பொருளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டின் அளவும் கருதத்தக்கது. ஒரு பொருளில் நிகழ்வு இருமடங்காகிறது, மறுபொருளில் பாதியாகிறது. ஆகவே 'இரண்டு' சேர்ந்த சொல்லைப் பிறழக் கொண்டால் பிழை எப்போதும் நான்கு மடங்காக அமையும். 104-க்கும் 26-க்கும், 24-க்கும் 6-க்கும் உள்ள விகிதம் இதுவே. 'மூன்று' சேர்ந்தால் பிழை ஒன்பது மடங்காகும்.

இரு பதிவேடுகள்

தமிழ் இதழ்களின் வெளியீட்டு முறையை அறிய ஆய்வாளர் நாடும் ஆவணங்களில் இரண்டு வகை முதன்மையானவை. ஒன்று அரசின் பதிவு. மற்றொன்று நூலகப் பட்டியல்.

1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டத்தின் வழிவந்த பதிவுமுறையின்கீழ் இந்தியச் செய்தித்தாள் பதிவாளர் அலுவலகம் 1956-இல் அமைந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ளது. இப்பதிவாளர் அலுவலகம் வெளியிட்டுவந்த ஆண்டறிக்கைகள் இதழ்களை நாளிதழ், 'டிரைவீக்லி – பைவீக்லி', வார இதழ், 'ஃபோர்ட்நைட்லி', மாத இதழ், காலாண்டிதழ், ஆண்டிதழ் என வகுத்தன. இங்கு 'பைவீக்லி' என்பது வாரத்தில் இருமுறை வருவது. இரு வாரங்களுக்கு ஒருமுறை வருவதற்கு 'ஃபோர்ட்நைட்லி' எனத் தனி இனம் உண்டு. ஆனால் அதே பகுப்பில் 'ஏனையவை' என்னும் இனத்துள் அரையாண்டிதழோடு சேர்த்து எண்ணப்படும் 'பைமன்த்லி' என்பது இரு மாதங்களுக்கு ஒருமுறை வருவது. ஒரே முன்னொட்டு ஒரே அறிக்கையில் வாரத்தோடு சேரும்போது முறையை இரட்டிக்கிறது. மாதத்தோடு சேரும்போது காலத்தை இரட்டிக்கிறது.

உலகெங்கும் நூலகங்கள் கைக்கொள்ளும் 'மார்க் 21' என்னும் பட்டியல் வடிவம் இதனின்றும் வேறுபட்டது. அதில் 'பைவீக்லி' என்பது இரு வாரங்களுக்கு ஒருமுறை வருவது. வாரத்தில் இருமுறை வருவது 'செமிவீக்லி'. மாதத்தில் இருமுறை வருவது 'செமிமன்த்லி'. இரு மாதங்களுக்கு ஒருமுறை வருவது 'பைமன்த்லி'. ஆண்டில் இருமுறை வருவது 'செமியானுவல்'; ஈராண்டிற்கு ஒருமுறை வருவது 'பையெனியல்'.

இவ்விரு பதிவேடுகளையும் ஒப்பிட்டால் வரும் விளைவு தெளிவு. வாரமிருமுறை வெளிவரும் தமிழ்ப் புலனாய்வு இதழ் ஒன்று அரசுப் பதிவில் 'பைவீக்லி' ஆகிறது. அச்சொல்லை அப்படியே எடுத்து நூலகப் பட்டியலில் எழுதும் ஒருவர், தாம் அறியாமலே அவ்விதழின் முக்கால் பங்கை இல்லாததாக்கிவிடுகிறார். ஐம்பது இதழ்கள் கொண்ட ஓர் ஆண்டுத் தொகுப்பு முதற்கணக்கில் பாதி அழிந்த தொகுப்பு. இரண்டாம் கணக்கில் ஏறத்தாழ இரண்டாண்டுத் தொகுப்பு. அழிந்த இதழ்களைத் தேடிச் செல்வதா, கிடைத்தது முழுமையெனக் கொள்வதா என்னும் முடிவு இதில் அடங்கியிருக்கிறது.

சென்னையின் ஆங்கில இதழ் வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. 'தி இந்து' 1878-இல் வார இதழாகத் தொடங்கி, 1883-இல் 'டிரைவீக்லி' ஆகி, 1889-இல் நாளிதழாயிற்று. இடைக்கட்டத்தில் அது திங்கள், புதன், வெள்ளி என வாரம் மும்முறை வெளிவந்தது. அக்கால இந்திய ஆங்கில வழக்கை அறியாத ஒருவர் அதனை மூன்று வாரங்களுக்கு ஒருமுறை எனக் கொண்டால், வளர்ந்துவந்த ஓர் இதழ் இடையில் தளர்ந்ததாக வரலாறு மாறிவிடும்.

தமிழ் இதழ்களின் வழக்கு

தமிழ் இதழ்கள் தம் முகப்பில் தம்மைக் குறித்த முறையை நோக்கினால் வேறொரு காட்சி புலப்படும். 1831-இல் சென்னையில் வெளிவந்த 'தமிழ் மாகசின்' மாத இதழ். யாழ்ப்பாணத்தில் 1841-இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய 'உதயதாரகை' மாதமிருமுறை என்னும் அளவில் வெளிவந்தது. 1882-இல் வார இதழாகத் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-இல் நாளிதழாயிற்று. 1933-இல் வார இதழாகத் தோன்றிய 'மணிக்கொடி' 1935-இல் சிறுகதைக்கெனவே மாதமிருமுறை இதழாக உருமாறியது. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959-இல் மாத இதழாகத் தொடங்கி இறுதிக் காலத்தில் காலாண்டிதழாயிற்று. 1988-இல் காலாண்டிதழாகத் தொடங்கிய 'காலச்சுவடு' இடையில் இரு மாதங்களுக்கு ஒருமுறை வெளிவந்து பின் மாத இதழாயிற்று. 'ஜூனியர் விகடன்', 'நக்கீரன்' ஆகியன 'வாரமிருமுறை' என்னும் தொடரைப் பொதுமக்கள் நாவில் நிலைபெறச் செய்தன.

இதழின் பெயரைக் கொண்டு அதன் இடைவெளியை அறிய இயலாது என்பதற்கும் தமிழில் சான்றுண்டு. பெர்சிவல் பாதிரியார் 1855-இல் தொடங்கிய 'தினவர்த்தமானி' பெயரில் 'தினம்' உடையதாயினும் வார இதழே. அங்கு 'தினவர்த்தமானம்' என்பது அன்றாடச் செய்தி என்னும் பொருளில் நின்றது.

'மாதமிருமுறை', 'வாரமும்முறை' என்னும் தொடர்களில் கால அலகு முன்னும் எண் பின்னுமாக நிற்கின்றன. எண், 'முறை' என்னும் சொல்லைத் தழுவி நிற்கிறது. 'இரு மாதத்திற்கு ஒருமுறை' என்னும் தொடரில் முதல் எண் மாதத்தைத் தழுவுகிறது. நான்காம் வேற்றுமை உருபு எல்லையைக் காட்டுகிறது. 'ஒரு' என்னும் இரண்டாம் எண் முறையைத் தழுவுகிறது. எவ்வளவு காலத்திற்கு, எத்தனை முறை என்னும் இரு வினாக்களுக்கும் தமிழ்த் தொடர் தனித்தனியே விடையளிக்கிறது. ஆங்கில முன்னொட்டோ ஒரே ஓர் எண்ணைத் தந்து, அது எவ்வினாவிற்குரிய விடை என்பதைச் சொல்லாமல் விடுகிறது. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

மலையாளத்திலும் இந்நெறியே காணப்படுகிறது. வாரத்தில் இருமுறை என்பது 'ஆழ்ச்சயில் ரண்டு தவண' எனவும், இரு வாரங்களுக்கு ஒருமுறை என்பது 'ரண்டாழ்ச்சயில் ஒரிக்கல்' எனவும் வழங்கும். இதழ்களுக்கு அம்மொழி 'துவைவாரிகை', 'துவைமாசிகை' என்னும் வடமொழி ஆக்கங்களையும் கொண்டுள்ளது. இவற்றில் எண் காலத்தையே எண்ணும் என்பது வழக்கால் உறுதிப்பட்டுவிட்டது.

தொகைச்சொல்லால் வரும் இடர்

தமிழில் ஐயம் தோன்றுவது தொடர் சுருங்கித் தொகையாகும்போதுதான். 'இருவார இதழ்', 'இருமாத இதழ்', 'முத்திங்களிதழ்', 'ஈராண்டு விழா' என்பன ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான ஒரு சொல் வேண்டும் என்னும் விருப்பால் பெருகிய வடிவங்கள். இரண்டு என்னும் எண்ணுப்பெயர் மெய்ம்முதற் சொல்லின் முன் 'இரு' எனவும் உயிர்முதற் சொல்லின் முன் 'ஈர்' எனவும் திரியும் என்பது இலக்கணம் கூறும் புணர்ச்சி. புணர்ச்சி செம்மையாக இருப்பினும் தொகையில் உருபும் 'முறை' என்னும் சொல்லும் மறைந்துவிடுகின்றன. மறைந்ததை விரிப்பவர் தம் அறிவிற்கேற்ப விரிப்பர்.

'இருமாத இதழ்' என்பதை இரு மாதங்களுக்கு ஒருமுறை வரும் இதழ் என விரிக்கலாம். இரண்டு மாதங்களுக்கும் சேர்த்து ஒன்றாக வெளியிட்ட கூட்டிதழ் எனவும் விரிக்கலாம். சிற்றிதழ் வரலாற்றில் பொருள்முட்டால் இவ்வாறு கூட்டிதழ்கள் வெளியிடப்படுவது இயல்பாதலின் இரண்டாம் பொருளும் புறக்கணிக்கத்தக்கதன்று. 'ஈராண்டுப் படிப்பு' என்பதில் ஈராண்டு நீடித்தல் பொருள். 'ஈராண்டு விழா' என்பதில் ஈராண்டிற்கு ஒருமுறை நிகழ்தல் பொருள். இலத்தீனிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றபோது நேர்ந்த அதே மயக்கம் இங்கும் நேர்கிறது.

'அரையாண்டிதழ்', 'காலாண்டிதழ்' என்பனவும் தொகைகளே. ஆயினும் அவற்றில் மயக்கமில்லை. அரை, கால் என்னும் பின்னங்கள் முறையை எண்ணமாட்டா. பள்ளிச் சிறுவரும் காலாண்டுத் தேர்வையும் அரையாண்டுத் தேர்வையும் மயங்குவதில்லை. முழு எண் சேர்ந்த தொகையே ஐயத்திற்குரியது; பின்னம் சேர்ந்த தொகை ஐயமற்றது.

ஆட்சித்துறையிலும் பொருளியலிலும் இவ்வேறுபாடு வாழ்வோடு தொடர்புடையது. தமிழ்நாட்டில் வீட்டு மின்நுகர்வு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்பட்டுவந்துள்ளது. 2016-இல் அறிவிக்கப்பட்ட 100 அலகு விலையில்லா மின்சாரமும் அந்த இருமாதக் கணக்கிற்கே உரியது. ஆங்கில ஆணையில் உள்ள 'பைமன்த்லி' என்னும் சொல்லை மாதமிருமுறை எனக் கொண்டால் சலுகை நான்கு மடங்காகிவிடும். இந்திய ரிசர்வ் வங்கி 2014 ஏப்ரல் முதல் தன் நாணயக் கொள்கையை 'பைமன்த்லி' என அறிவிக்கிறது. அது ஆண்டிற்கு ஆறு முறை வருவது. மாநிலங்களவை உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் ஈராண்டிற்கு ஒருமுறை ஓய்வுபெறுவதால் நடைபெறும் தேர்தலை ஆங்கிலத்தில் 'பையெனியல்' என்பர். அதனைப் 'பையானுவல்' என எழுதினால் ஈரெழுத்து மாற்றத்தில் ஆண்டிற்கு இருமுறை தேர்தல் எனப் பொருள் பிறழும். அமெரிக்காவில் பணிபுரியும் தமிழர், இரு வாரங்களுக்கு ஒருமுறை ஊதியம் பெற்றால் ஆண்டிற்கு 26 தவணையும், மாதமிருமுறை பெற்றால் 24 தவணையும் பெறுவர். ஆண்டு ஊதியம் ஒன்றேயாயினும் தவணைத் தொகை வேறுபடும்.

கும்பளங்கியின் நீரேற்றமும் மூன்று கணக்குகளும்

24, 26 என்னும் இவ்விரு எண்களுக்கும் இடையே மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. அதனை நாட்காட்டியில் காண இயலாது; கடற்கரையில் காணலாம். அதற்குக் கும்பளங்கி தக்க சான்று.

கொச்சியின் தெற்கே காயலால் சூழப்பட்ட இச்சிற்றூரின் தாழ்நிலங்கள் பொக்காளி நெல்லுக்கும் இறாலுக்கும் உரியவை. மழைக்காலத்தில் ஆற்றுநீர் மிகுந்து உப்புத்தன்மை குறையும்போது நெல் விளைகிறது. அறுவடைக்குப் பின், ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை, உப்புநீர் புகும் அதே நிலம் இறால் கெட்டாக மாறுகிறது. ஆண்டிற்கு ஒரு நெல், ஒரு மீன் என்பது இந்நிலத்தின் முறை. நீரேற்றத்தின்போது மதகைத் திறந்து இறால் குஞ்சுகளை உட்புக விடுவர். வடியும்போது மதகின் வாயில் வலை பொருத்தி வளர்ந்த இறாலைப் பிடிப்பர்.

கொச்சிக் கடலில் ஒரு நாளில் பொதுவாக இருமுறை நீர் ஏறி இருமுறை இறங்கும். இதனைக் கடலியலார் ஆங்கிலத்தில் 'செமிடையர்னல்' என்பர். அரைநாள் முறையுடையது என்பது அதன் பொருள். மலையாளத்தில் ஏற்றம் 'வேலியேற்றம்' எனவும் இறக்கம் 'வேலியிறக்கம்' எனவும் வழங்கும். இறால் மிகுதியாகக் கிடைப்பது நீரோட்டம் வலுக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில். அந்நாள்களை மீனவர் 'தக்கம்' என்பர். தமிழில் இவ்விரு நாள்களுக்கும் பொதுவாக 'உவா' என்னும் பழஞ்சொல் உண்டு. நிறைநாள் வெள்ளுவா, மறைநாள் காருவா. திங்களுக்கு இருமுறை வரும் ஒரு நிகழ்வுக்கு எண்ணே சேராத தனிப்பெயர் தமிழில் இருந்தமை கருதத்தக்கது.

ஓர் உவாவிற்கும் அடுத்த உவாவிற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 14.8 நாள். ஓராண்டில் அது 24.7 முறை வரும். அதாவது சில ஆண்டுகளில் 24, பல ஆண்டுகளில் 25. நாட்காட்டி மாதத்தின் 1, 15 ஆகிய நாள்களைக் கொண்டால் ஆண்டிற்கு 24. 'ஃபோர்ட்நைட்' என்னும் பதினான்கு நாள் கணக்கைக் கொண்டால் 26. மாதமிருமுறை, பட்சத்திற்கு ஒருமுறை, இரு வாரத்திற்கு ஒருமுறை என்னும் மூன்றும் பேச்சில் ஒன்றுபோல் வழங்கினும் கணக்கில் மூன்றும் வேறு. இறால் பிடிப்பவர் வாரக்கணக்கைப் பின்பற்றினால் நான்கைந்து மாதப் பருவத்திற்குள் தக்கத்தினின்றும் ஒரு வாரமளவு விலகிவிடுவர். வலுவான நீரோட்டத்திற்கு மாறாக மெலிந்த நீரோட்டமே அவருக்கு வாய்க்கும். அச்சொல் வேறுபாட்டிற்கு அவர் தரும் விலை ஒரு பருவத்தின் விளைச்சல்.

இதழியலிலும் இதே கவனம் தேவை. 'பட்ச இதழ்' என்றும் 'மாதமிருமுறை இதழ்' என்றும் 'இருவார இதழ்' என்றும் பதிவேடுகள் மாற்றி மாற்றி எழுதும்போது ஆண்டிதழ் எண்ணிக்கையில் இரண்டு இதழ் வேறுபாடு எழுகிறது. அவ்விரண்டு இதழ்களும் தொலைந்தனவா, முதலிலேயே இல்லாதனவா என்பதை இதழின் தேதியும் தொடரெண்ணும்தான் தெரிவிக்கும்.

பினாலே: அளவு பெயரான வரலாறு

கும்பளங்கியிலிருந்து சில கல் தொலைவில் உள்ள கொச்சிக்குத் தமிழ் அச்சு வரலாற்றிலும் இடமுண்டு. அண்டிறீக்கு அடிகளாரின் 'கிரிசித்தியானி வணக்கம்' 1579-இல் அங்குதான் அச்சாயிற்று. அந்நகரில் இந்நூற்றாண்டில் நிலைபெற்ற கடன்சொல் 'பினாலே'. இது 'ஈராண்டிற்கு ஒருமுறை நிகழ்வது' என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல். 1895-இல் தொடங்கிய வெனிஸ் நகரக் கலைக்காட்சியால் இச்சொல் உலகெங்கும் பரவியது.

ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு ஆகியோரின் முயற்சியால் கொச்சி–முசிரிஸ் பினாலே 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. கோட்டைக் கொச்சியின் ஆஸ்பின்வால் மாளிகையும் மட்டாஞ்சேரியின் பழைய சரக்குக் கிடங்குகளும் காட்சியிடங்களாயின. அடுத்த பதிப்புகள் 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் டிசம்பர் 12-ஆம் நாளிலேயே தொடங்கின. கொரோனாப் பெருந்தொற்றால் 2020-இல் நடைபெற வேண்டிய ஐந்தாம் பதிப்பு தள்ளிப்போய் 2022 டிசம்பர் 23-இல் தொடங்கியது. ஆறாம் பதிப்பு 2025 டிசம்பர் 12-இல் தொடங்கியது. இடைவெளிகளை எண்ணினால் இரண்டு, இரண்டு, இரண்டு, நான்கு, மூன்று ஆண்டுகள் எனவரும். சென்னை ஒளிப்பட பினாலேயும் 2016-இல் தொடங்கி இரண்டாம் பதிப்பை 2019-இல் கண்டது. வெனிஸ் கலைக்காட்சியும் 2021-க்குரியதை 2022-இல் நடத்தியது.

இடைவெளி மாறியும் பெயர் மாறவில்லை. 'பினாலே' கால அளவுச் சொல்லாக வந்து விழாவின் சிறப்புப்பெயராக நிலைத்துவிட்டது என்பதை இது காட்டுகிறது. தமிழிலும் இத்தகைய மாற்றம் புதிதன்று. மகாமகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது. கும்பகோணத்தில் 2004-லும் 2016-லும் நடைபெற்றது. அதன் மரூஉவாகிய 'மாமாங்கம்' பேச்சுவழக்கில் நெடுங்காலம் என்னும் பொதுப்பொருளைப் பெற்றது. திருநாவாயில் நடந்த மாமாங்கத்தால் மலையாளிகளும் இச்சொல்லை அறிவர்.

இங்கு மொழிபெயர்ப்பாளர் கொள்ள வேண்டிய முடிவு ஒன்று உண்டு. விழாவின் பெயராக வருமிடத்துப் 'பினாலே' என எழுதுவதே தகும். அதனை 'ஈராண்டு விழா' எனப் பெயர்த்தால் நிகழாத ஓர் ஒழுங்கைப் பெயர்க்குள் ஏற்றியவராவோம். விழாவின் அமைப்பு விதியைச் சொல்லுமிடத்து 'ஈராண்டிற்கு ஒருமுறை நடத்தத் திட்டமிடப்பட்டது' என முழுத்தொடரால் எழுத வேண்டும். நடந்த வரலாற்றைச் சொல்லுமிடத்து ஆண்டுகளையே எழுத வேண்டும்.

முடிவுரை

ஆங்கிலக் கால இடைவெளிச் சொற்களின் குழப்பம், முறையை எண்ணுவதும் காலத்தை எண்ணுவதுமாகிய இரு பணிகளை ஒரே முன்னொட்டில் ஏற்றியதால் விளைந்தது. தமிழ் மரபுத்தொடர் அவ்விரு பணிகளுக்கும் தனித்தனி இடம் தந்திருக்கிறது. தொகைச்சொல்லாக்கம் அந்த இடங்களுள் ஒன்றை இழக்கச் செய்கிறது. இவற்றின் அடிப்படையில் மூன்று நடைமுறைகளைப் பரிந்துரைக்கலாம்.

முதலாவதாக, கலைச்சொல் தொகுப்புகளில் 'பைவீக்லி', 'பைமன்த்லி' என்பனவற்றிற்கு ஒரு சொல் ஈடு தருவதைத் தவிர்த்து, 'வாரமிருமுறை', 'இரு வாரத்திற்கு ஒருமுறை' என இரு பொருளையும் தனித்தனித் தொடராகத் தர வேண்டும். பின்னம் சேர்ந்த அரையாண்டு, காலாண்டு என்பன இப்போதுள்ளவாறே வழங்கலாம்.

இரண்டாவதாக, இதழ் அடைவுகளில் இடைவெளிச் சொல்லின் அருகே ஆண்டிற்குரிய இதழ் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். 'மாதமிருமுறை (ஆண்டிற்கு 24)' என்று எழுதினால் எம்மொழிப் பதிவேட்டிற்கும் அது பொருந்தும்.

மூன்றாவதாக, பழைய இதழின் இடைவெளியை ஆங்கிலப் பதிவேட்டின் சொல்லைக் கொண்டு மட்டும் முடிவுசெய்தல் கூடாது. இதழிலுள்ள தேதியையும் தொடரெண்ணையும் ஒப்பிட வேண்டும். 'செந்தமிழ்ச் செல்வி' சிலம்பு, பரல் எனவும் 'தமிழ்ப் பொழில்' துணர், மலர் எனவும் எண்ணிட்டு வந்தன. ஒரு சிலம்பில் எத்தனை பரல், ஒரு துணரில் எத்தனை மலர் என எண்ணிப் பார்ப்பது, எந்த முன்னொட்டையும்விட உறுதியான சான்றாகும்.

நூலகங்களிலும் தமிழ்ச் சங்கங்களிலும் தனியார் வீடுகளிலும் சிதறிக் கிடக்கும் சிற்றிதழ்கள் இன்று மின்னுருவாக்கம் பெற்றுவருகின்றன. அவற்றிற்கு எழுதப்படும் விவரக்குறிப்பே இனிவரும் ஆய்வாளர்க்கு முதற்சான்றாக அமையும். அக்குறிப்பு எழுதப்படும் இக்காலத்திலேயே மேற்கூறிய திருத்தங்களைச் செய்துகொள்ளுதல் எளிது. குறிப்புகள் பல்கிப் பரவியபின் அரிது.